அய்யனாரும் நிலப்பிரபுத்துவமும்

தேசூர் ஏரிக்கரையில் நூறு நாள் வேலைக்குப் போன அய்யனார், ஈர மண்ணில் கால் வழுக்கி விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துபோனது. ஆரணி ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு, பிரிக்கும் வரைக்கும் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். ஊரில் அவரைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. மனைவி ரங்கம்மாள் காலமாகிச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. ஒரே மகள் கலைமகள், ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ பிடித்து, கொசப்பாளையத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு விடச் சொன்னாள். மகளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டு வாசற்படியை அவர் மிதித்ததில்லை.

மருமகன் குணாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதனால் பேச்சும் வரவில்லை. பட்டுத் தறி நெய்கிறவன். கலைமகள் பத்தாவது முடித்துவிட்டு ஆரணியில் ஒரு சேலைக் கடைக்கு வேலைக்கு வந்தபோது, நெய்த சேலைகளைக் கொண்டுவந்து கொடுக்க அவன் அங்கே வருவான். கடையில் மற்றவர்கள் அவனிடம் சத்தமாகப் பேசுவார்கள், சத்தம் போட்டால் கேட்டுவிடும் என்பதுபோல. இவள் மட்டும் கையால் கேட்டாள். அப்படித்தான் ஆரம்பித்தது. விஷயம் தெரிந்ததும் அய்யனார் மகளிடம் ஒன்றுதான் கேட்டார்.

"பேச வராதவன்கிட்ட நீ இன்னாத்த பேசி குடும்பம் நடத்துவ?"

கோயிலில் தாலி கட்டும்போது கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, சாப்பாட்டுக்கு முன்னாலேயே பஸ் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு ரங்கம்மாள்தான் வருவதும் போவதுமாக இருந்தாள். அவளும் போனபின், மகள் தேசூருக்கு வந்தால் பார்ப்பதோடு சரி. மருமகன் கூட வந்தால் அய்யனாருக்கு ஏரிப்பக்கம் ஏதாவது வேலை வந்துவிடும்.

இப்போது ஓடி ஒளிய வழியில்லை. கலைமகள் காலையில் கடைக்குக் கிளம்பிவிட்டால் சாயங்காலம்தான் வருவாள். பகல் முழுக்க மாமனாரும் மருமகனும்தான். குணா தறியில் உட்கார்ந்திருப்பான். நடுநடுவே எழுந்து வந்து அவர் முகத்தைப் பார்ப்பான். கையைப் பிடித்துத் தூக்கி, அவர் பாரத்தைத் தன் தோளில் வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குக் கூட்டிப்போவான். வெந்நீரில் துணியை நனைத்து உடம்பு துடைத்துவிடுவான். ஒருநாள் கட்டுப் போட்ட காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நகம் வெட்டினான். அய்யனார் அப்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கூச்சமாக இருந்தது. பெற்ற மகனாக இருந்தால்கூட இப்படிச் செய்வானா என்று நினைத்தார். ஆனால் அதை எப்படிச் சொல்வது? வாயால் சொன்னால் அவனுக்குக் கேட்காது. கையால் சொல்ல இவருக்குத் தெரியாது.

அந்த வீட்டில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. தினமும் விடிந்ததும், தறிச்சத்தம் எழுவதற்கு முன்னால், கணவனும் மனைவியும் பாயில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு தடித்த புத்தகத்தை நடுவில் விரித்துவைத்துக்கொள்வார்கள். அவள் ஒரு வரி படிப்பாள். பிறகு இருவர் கைகளும் காற்றில் பறக்கும். சில சமயம் அவன் தலையை ஆட்டி மறுப்பான், இவள் மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். சில சமயம் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே பாயில் சாய்ந்துவிடுவார்கள்.

"இன்னாம்மா அது, காலங்காத்தால?" என்று ஒருநாள் அய்யனார் கேட்டார்.

"உலக வரலாறுப்பா. பன்னண்டாவது பரிட்சை எழுதப் போறாரு."

"இந்த வயசுலயா?"

"காது கேக்காத பசங்களுக்குச் சைகையில பாடம் சொல்லித்தர வாத்தியார் படிப்பு ஒண்ணு இருக்குது. அதுல சேரணும்னா பன்னண்டாவது பாஸ் பண்ணியிருக்கணும். மத்ததெல்லாம் எழுதி முடிச்சிட்டாரு. இது ஒண்ணுதான் பேஜார் பண்ணுது."

அதில் என்ன கஷ்டம் என்று அய்யனாருக்கு விளங்கவில்லை. பிரமிளா டீச்சர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோதுதான் கொஞ்சம் புரிந்தது. பிரமிளா சமண வீட்டுப் பெண். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குச் சிறப்பாசிரியை. குணாவுக்கு இந்தப் படிப்பைப் பற்றிச் சொன்னதே அவர்தான்.

"ராஜா பேரு, வருஷம், ஊரு, இதெல்லாம் இவருக்கு அத்துப்படிங்க ஐயா," என்றார் அவர். "ஆனா துவம், இயம், வாதம்னு முடியுற வார்த்தைங்க இருக்கு பாருங்க. முதலாளித்துவம், ஏகாதிபத்தியம், தேசியவாதம். அதெல்லாம் கண்ணால பாக்கக்கூடிய பொருள் கெடையாது. நாம காதால கேட்டுக் கேட்டே பாதி புரிஞ்சிக்கிறோம். இவருக்கு அந்த வழி இல்லிங்களே. மனப்பாடம் பண்ணி எழுதிடலாம். ஆனா நாளைக்கு இவரே ஒரு வகுப்புல நின்னு சொல்லித் தரணும்."

அதற்கப்புறம் அய்யனார் காலையில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாலும், இமைக்கு நடுவே பார்க்கத் தொடங்கினார். படம் பார்ப்பது மாதிரி இருந்தது. முதலாளித்துவத்துக்கு அவர்கள் வெகு தூரம் போகவில்லை. கலைமகள் தறியைக் காட்டினாள், பட்டு நூலைக் காட்டினாள், இவை யாருடையவை என்று கையை விரித்தாள். பிறகு குணாவின் இரண்டு கைகளையும் பிடித்து அவன் முகத்துக்கு நேராகத் தூக்கினாள். உன்னிடம் இருப்பது இது மட்டும். குணா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாகத் தலையசைத்தான். தொழிற்புரட்சிக்கு, கால் மிதிப்பதையும் கை வீசுவதையும் சட்டென்று நிறுத்திவிட்டு, மோட்டார் சுற்றுவதுபோல விரலைச் சுழற்றினான் அவன். அடுத்த தெருவில் விசைத்தறி ஓடுவதை நின்று பார்த்தவன்தானே. ஏகாதிபத்தியத்துக்காக இருவரும் ஒருநாள் கோட்டை மைதானத்துக்கே போய், அங்கிருக்கும் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டிடங்களைப் பார்த்துவிட்டு வந்தார்கள். வியாபாரம் பண்ண வந்தவன் கடையை விரித்து, பிறகு சிப்பாயை நிறுத்தி, கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டதை அவள் நடித்துக் காட்டியபோது, குணா அந்தக் கற்பனை நாற்காலியைப் பின்னாலிருந்து இழுத்துவிட்டான். அய்யனாருக்கும் சிரிப்பு வந்தது. போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டார்.

நிலப்பிரபுத்துவம் என்ற வார்த்தையில் வந்து வண்டி நின்றுவிட்டது. செல்போனில் யாரோ ஒருவர் செய்துகாட்டிய சைகையைக் குணா அப்படியே செய்தான். ஆனால் அவன் கண்ணில் ஒன்றும் இல்லை. கலைமகள் புத்தகத்தில் இருந்த படத்தைக் காட்டினாள். கோட்டை, குதிரை, கவசம் போட்ட வீரன். அவன் உதட்டைப் பிதுக்கினான். அரசன் நிலத்தைப் பிரபுவுக்குக் கொடுத்தான், பிரபு தனக்குக் கீழே இருந்தவனுக்குக் கொடுத்தான், எல்லாருக்கும் அடியில் உழுகிறவன் இருந்தான் என்று கையைப் படிப்படியாக இறக்கிக் காட்டினாள். அவன் அந்தப் படிகளைப் பார்த்தான். உழுகிறவன் ஏன் எழுந்து வேறு எங்காவது போய்விடக் கூடாது என்று கேட்டான். அவனுக்கு அதுதான் விளங்கவில்லை. தறிக்காரன் ஒரு முதலாளி பிடிக்காவிட்டால் இன்னொருவரிடம் போய்விடுகிறானே.

கலைமகள் புத்தகத்தை மூடிவைத்தாள். அப்பா படுத்திருந்த பக்கம் ஒருதரம் பார்த்தாள். அவர் கண் மூடியிருந்தது. அவள் எழுந்து கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு எட்டு நடந்தாள். எதிரே யாரையோ கண்டதுபோல நின்றாள். தோளிலிருந்த துண்டு கீழே இறங்கி இடுப்புக்குப் போனது. முதுகு வளைந்தது. வலது கை வாயை மூடிக்கொண்டது. கண் எதிராளியின் முகத்துக்குப் போகாமல் அவர் கால் விரல்களோடு நின்றது. அப்படியே, முதுகைக் காட்டாமல், பின்னாலேயே நடந்தாள்.

குணாவின் முகம் மாறியது. புரிந்துவிட்டது. யார் இது, என்று கையால் கேட்டான். கலைமகள் பதில் சொல்லவில்லை. மீசையை முறுக்குவதுபோல விரலை உதட்டுக்கு மேல் வைத்தாள். அய்யனாரைக் குறிக்க அவர்கள் இருவருக்குள்ளும் வழங்கிய சைகை அது. ஊர் எல்லையில் குதிரையோடு உட்கார்ந்திருக்கும் சாமியின் மீசை.

அய்யனாருக்குச் சைகை மொழி தெரியாது. ஆனால் அந்தத் துண்டையும் அந்த முதுகையும் தெரியாமல் போகுமா? அது அவருடைய முதுகு. பத்து வயதில் தகப்பனோடு நிலத்துக்காரரான ஆண்டை வீட்டுக்குப் படியாளாகப் போனதிலிருந்து அவர் சுமந்த முதுகு. வருஷக் கூலியாக நெல் அளந்து போடுவார்கள். நோய் வந்தாலும் மழை வந்தாலும் அந்த நிலத்தை விட்டுப் போக முடியாது. கல்யாணம், கருமாதி எல்லாமே ஆண்டையின் வாயைப் பார்த்துத்தான். மகள் அப்போது சின்னக் குழந்தை, களத்து ஓரத்தில் விளையாடிக்கொண்டிருப்பாள், பார்த்திருக்க மாட்டாள் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தார்.

அன்று மத்தியானம் குணா சோறு பிசைந்து தட்டில் வைத்துக் கொடுத்தான். அய்யனார் தட்டை நகர்த்திவிட்டார். குணா தன் நெற்றியில் கை வைத்து, பிறகு அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். காய்ச்சல் இல்லை. தட்டை மூடிவைத்துவிட்டுத் தறிக்குப் போனான். ஆனால் நெய்யவில்லை.

கலைமகள் வந்ததும் கேட்டாள். "சாப்புடலியாமே. இன்னாப்பா?"

"அத நீ எப்பப் பாத்த?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"களத்துல. நெல்லு அளந்துகினு இருந்தப்ப."

"நீ அப்ப கைப்புள்ள மாதிரி இருந்த."

"கண்ணு இருந்துச்சே, பா."

அய்யனார் தறிப்பக்கம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அத போயி அவருகிட்ட ஏன் காட்டுன? மாமனாரு இப்டி கூனிகினு நின்னவன்னு அவருக்குத் தெரியணுமா?"

"உன்ன கேவலப்படுத்தணும்னு காட்டலப்பா. எனக்கு வேற எதுவும் தோணல. புத்தகத்துல இருக்கற கோட்டையும் குதிரையும் எனக்கே புரியல. எனக்குத் தெரிஞ்சது நீ ஒருத்தன்தான்." அவள் கைப்பையைக் கீழே வைத்தாள். "அதுக்கு ஒரு பேரு போட்டிருக்குதுப்பா. நிலப்பிரபுத்துவம். ஐரோப்பா முழுக்க இருந்துச்சாம். வெள்ளக்காரன் ஊர்லயும் உழுதவன் நெலத்த வுட்டுப் போக முடியாதாம். பிரபு சொன்னாத்தான் பொண்ணு கட்ட முடியுமாம். நம்ம ஊர்ல அதோட சாதியும் சேந்துகிச்சு. மத்தபடி அதேதான்."

"வெள்ளக்காரனுமா?"

"அவனுந்தான்."

"குனிஞ்சிகினு நின்னானா?"

"குல்லாவ கழட்டிக் கையில வெச்சிகினு நிப்பானாம்."

அய்யனார் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். பிறகு, அவளிடம் இல்லாமல் தனக்கே சொல்வதுபோலக் கேட்டார்.

"பேரு இருக்குதுன்னா, அது என் ஒருத்தன் தலையெழுத்து இல்ல. அப்டித்தானே?"

"அப்டித்தான் பா."

"நான் ஏதோ எனக்கு ரோஷம் கம்மின்னு நெனச்சிகினு இருந்தேன்."

கலைமகள் அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். வாசல் பக்கமிருந்து குணா பார்த்துக்கொண்டிருந்தான். என்ன என்று புருவத்தைத் தூக்கினான். இரு, என்று அவள் விரலைக் காட்டினாள்.

"அது எப்ப முடிஞ்சிச்சுன்னு போட்டிருக்குதா?" என்றார் அய்யனார்.

அவள் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். பிரான்ஸ் தேசத்தில் ஓர் ஆகஸ்ட் மாதம், ஊர் ஊராக உழவர்கள் கிளர்ந்தெழுந்த செய்தி வந்துகொண்டிருந்தபோது, சபையில் பிரபுக்களே எழுந்து நின்று தங்கள் பழைய உரிமைகளை விட்டுக்கொடுத்தார்கள் என்று இருந்தது. அதை அவருக்குப் படித்துக் காட்டினாள்.

"நமக்கு?"

"நமக்கு இப்டி தேதி போட்டு ஒண்ணும் இல்லப்பா. சட்டம் வந்துச்சு. ஆனா ஒவ்வொரு ஊர்லயும் ஒவ்வொரு மாதிரி…"

"எனக்குத் தேதி தெரியாது. கெழம தெரியும்," என்றார் அய்யனார். "வெள்ளிக்கெழம."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ அப்ப ஏழாவதோ எட்டாவதோ. நான் ஆண்டை வூட்ட வுட்டு ரோட்டு வேலைக்குப் போக ஆரம்பிச்சிருந்தேன். அவங்க புள்ளைங்க மெட்ராஸ் போயிட்டாங்க. நெலத்த குத்தகைக்கு வுட்டாங்க. ஆனாலும் எதுருல பாத்தா துண்டு தானா எறங்கிடும். அந்த வெள்ளிக்கெழம வந்தவாசியில வேல முடிஞ்சி தேசூர் பஸ்ஸு ஏறுனேன். நல்ல கூட்டம். ஒரே ஒரு சீட்டுதான் காலியா இருந்துச்சு. பக்கத்துல யாருன்னு பாத்தா, ஆண்டை."

கலைமகள் கையைத் தூக்கி அவரை நிறுத்தச் சொன்னாள். குணாவைக் கூப்பிட்டாள். அவன் வந்து கால்மாட்டில் உட்கார்ந்தான். அதுவரை சொன்னதை அவனுக்குக் கையால் சொல்லிவிட்டு, "சொல்லுப்பா," என்றாள்.

அய்யனார் தயங்கினார். பிறகு தொடர்ந்தார். இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை.

"ரெண்டு பக்கமும் ஆளுங்க நின்னுகினு இருக்காங்க. யாரும் அந்த சீட்டுல ஒக்காரல. எனக்குக் காலு ரெண்டும் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. நாளெல்லாம் ஜல்லி கொட்டுன காலு. பஸ்ஸு ஒரு குலுக்கு குலுக்குச்சு. நான் ஒக்காந்துட்டேன்."

கலைமகளின் கையும் சைகையில் உட்கார்ந்தது. குணா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

"துண்டு தோள்லயே இருந்துச்சு. அவரு என்னைத் திரும்பிப் பாத்தாரு. நான் நேரா முன்னாடி பாத்துகினு இருந்தேன். அவரு கொஞ்சம் நவுந்து எடம் வுட்டாரு. அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிகினாரு. தேசூர் வர்ற வரைக்கும் ஒரு பேச்சு இல்ல. எறங்கி அவரு வூட்டுக்கு அவரு போனாரு, என் வூட்டுக்கு நான் போனேன். அவ்ளோதான். உங்க அம்மாகிட்டகூட சொல்லல."

"ஏன் பா சொல்லல?"

"சொன்னா பயந்திருப்பா."

குணா கையை அசைத்து ஏதோ கேட்டான். கலைமகள் அதை வாயால் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அய்யனாருக்கே புரிந்துவிட்டது. குணா தன் நெஞ்சில் கை வைத்து, விரல்களைப் படபடவென்று அடித்துக் காட்டி, உங்களுக்கு இப்படி இருந்ததா என்று கண்ணால் கேட்டிருந்தான். அய்யனார் தன் நெஞ்சில் கையை வைத்தார். அவனைவிட வேகமாக அடித்துக் காட்டினார். பிறகு ஒரு கையால் முன் சீட்டுக் கம்பியைப் பிடிப்பதுபோல இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை உருட்டி நேராகப் பார்த்து, தேசூர் வரைக்கும் விறைப்பாக உட்கார்ந்திருந்ததைச் செய்துகாட்டினார். பஸ் பள்ளத்தில் விழுந்து எழுவதைக்கூட விடவில்லை.

குணா சிரித்தான். அவனுடைய சிரிப்பில் ஒரு கரகரப்பான சத்தம் உண்டு. அந்தச் சத்தத்தை அய்யனார் அன்றுதான் பக்கத்திலிருந்து கேட்டார். அவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது. குணா அவர் கட்டுப்போட்ட காலின் மேல் கையை வைத்து அழுத்தாமல் பிடித்துக்கொண்டான். மூடிவைத்திருந்த சோறு ஆறிப்போயிருந்தது. அதைத் தள்ளிவைத்துவிட்டு, கலைமகள் புதிதாக உலை வைத்தாள்.

மறுநாள் காலை அவர்கள் பாயை விரித்தபோது அய்யனார் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஜனநாயகம் வந்தபோது ஆட்காட்டி விரலை நீட்டி, நகத்தின் மேல் மை வைப்பதைக் காட்டினார்; ஓட்டுப் போடாத தேர்தலே கிடையாது அவருக்கு. புரட்சி என்ற சொல்லுக்குக் குணா எதையோ அடியோடு கவிழ்த்துப் போடுவதுபோலச் செய்தான். அய்யனார் அதை ஒப்புக்கொள்ளாமல் பஸ் சீட்டில் உட்கார்ந்து காட்டினார். இல்லை, அது ஒரு ஆள் செய்தது, இது ஊரே சேர்ந்து செய்வது என்று குணா வாதாடினான். ஒரு ஆள் உட்காராமல் ஊர் எப்படி உட்காரும் என்று இவர் கேட்டார். கலைமகள் இடையில் அகப்பட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் சொல்லிச் சொல்லிக் கை ஓய்ந்து, "நீங்களே பேசிக்குங்க, எனக்கு ஜல்தியா கடைக்குப் போவணும்," என்று எழுந்துவிட்டாள். அவள் போன பிறகும் சண்டை நடந்தது. அய்யனாருக்குச் சைகை தெரியாத இடத்தில் தரையில் விரலால் கோடு போட்டார். தேசியவாதம் மட்டும் அவருக்குப் பிடிபடவேயில்லை. தேசூரைத் தாண்டி எதை என் ஊர் என்று சொல்வது என்று கேட்டுவிட்டு விட்டுவிட்டார்.

ஒரு சாயங்காலம் கலைமகள் வீட்டுக்குள் நுழையும்போது, அப்பா எங்கே என்று வழக்கம்போல மீசையை முறுக்கிக் கேட்டாள். குணா அந்தச் சைகை வேண்டாம் என்று கையை ஆட்டினான். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, உள்ளங்கையை முழங்கால்மேல் வைத்து, நேராக முன்னால் பார்த்தான். இனிமேல் அவர் பெயர் இது.

கட்டு பிரித்த பின்னும் அய்யனார் தேசூருக்குப் போகவில்லை. போகிறேன் என்று சொல்லவுமில்லை, இருக்கிறேன் என்று சொல்லவுமில்லை. தறிக்கு வேண்டிய தார்க்குச்சியில் நூல் சுற்றக் கற்றுக்கொண்டார். பரீட்சையில் நிலப்பிரபுத்துவத்தை விளக்குக என்ற கேள்வி வரவில்லை. ஏகாதிபத்தியம்தான் வந்தது. குணா அதை எழுதித் தேறினான். மதிப்பெண் பெரிதாக ஒன்றும் இல்லை. பிரமிளா டீச்சர் மட்டும் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சைகை மொழி ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. ஊரைவிட்டு ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். கிளம்பும் அன்று குணா பஸ் ஸ்டாண்டில் மாமனாரின் காலைத் தொடக் குனிந்தான். அய்யனார் பதறிப்போய் அவன் தோள்களைப் பிடித்து நிமிர்த்திவிட்டார்.

"குனியாத," என்றார் வாயால். அவன் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டான்.

இப்போது தினமும் சாயங்காலம் கலைமகளின் போனில் வீடியோ அழைப்பு வரும். அவள் கடையிலிருந்து திரும்பியிருக்கும் நேரம். முதலில் அவள் பேசுவாள். பிறகு அய்யனார் போனை வாங்கி, தறிமரத்தில் சாய்த்து வைத்து, இரண்டு கையும் தெரியும்படி கொஞ்சம் தள்ளி உட்காருவார். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தால், சத்தமே இல்லாமல் ஒரு பெரியவர் காற்றோடு வாதாடுவது தெரியும். சாப்பிட்டாயா என்று விரல்களைக் குவித்து வாய்ப்பக்கம் கொண்டுபோவார். சாப்பிட்டேன் என்பான். என்ன குழம்பு என்று கேட்பார். அதற்கு அவன் ஹாஸ்டல் சமையல்காரரின் நடையையும் வயிற்றையும் கரண்டியையும் செய்துகாட்டத் தொடங்குவான். அது முடிய நேரமாகும். அய்யனாருக்கு அவசரம் ஒன்றும் இல்லை.